நாடுவாரி விற்பனை எண்கள் ஏன் கூட்டினால் பொருந்துவதில்லை?

கேள்வி: என் ஊர் கோட்டையூர். காரைக்குடியில் எம்.காம். இறுதியாண்டு படிக்கிறேன். கையடக்க கேம் கன்சோல்களின் விற்பனைப் போட்டியை நாடுவாரியாக ஒப்பிட்டு ஆய்வேடு எழுதுகிறேன். நிண்டெண்டோ டிஎஸ், சோனி பிஎஸ்பி இரண்டையும் எடுத்துக்கொண்டேன். ஜப்பானுக்கு வாராந்தர எண்கள் கிடைத்தன, அமெரிக்காவுக்கு மாதாந்தர எண்கள் கிடைத்தன, ஐரோப்பாவுக்கு நிறுவன அறிக்கைகளிலிருந்து எடுத்தேன். எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் போட்டுக் கூட்டினால் நிறுவனம் சொல்லும் உலக மொத்தத்துடன் பொருந்தவில்லை. பேராசிரியர், “எதை எதோடு ஒப்பிடுகிறாய்?” என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எந்த எண்ணை நம்புவது? எந்த நாட்டில் யார் வென்றார்கள் என்று எழுதுவது? இந்தியாவையும் சேர்க்க ஆசை. எங்கள் வீட்டில் இருக்கும் பிஎஸ்பி, மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது.

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் பேராசிரியர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். சில்லறை விற்பனைப் புள்ளிவிவரங்களோடு பல ஆண்டுகளாகப் பிழைப்பு நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் சேகரித்த மூன்று வகை எண்களையும் தனித்தனியே நம்பலாம். ஒன்றோடொன்று கூட்டக் கூடாது. அவை எல்லாம் சரக்குப் பயணத்தின் ஒரே இடத்தில் நின்று எண்ணப்பட்டவை அல்ல.

ஒரு கேம் கருவி தொழிற்சாலையிலிருந்து வாங்குகிறவர் கைக்கு வந்து சேர்வதற்குள் குறைந்தது மூன்று இடங்களில் எண்ணப்படலாம். தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும்போது ஒருமுறை, நிறுவனம் மொத்த வியாபாரிக்கோ கடைக்கோ விற்றுக் கணக்கில் ஏற்றும்போது ஒருமுறை, கடைக்காரர் பணம் வாங்கிக்கொண்டு பில் போடும்போது ஒருமுறை. ஜப்பானில் ஃபமிட்சு இதழும் மீடியா கிரியேட் நிறுவனமும் வாரந்தோறும் சொன்னது மூன்றாவது இடத்து எண். அதுவும் நாட்டிலுள்ள எல்லாக் கடைகளையும் எண்ணியதன்று; குறிப்பிட்ட கடைகளின் விற்பனையிலிருந்து நாடு முழுமைக்கும் கணித்தது. அமெரிக்காவில் என்பிடி நிறுவனம் சொன்னதும் இந்த வகைதான். நிண்டெண்டோவும் சோனியும் தங்கள் காலாண்டு அறிக்கைகளில் தரும் எண்கள் கடைக்குப் போய்ச் சேர்ந்தவை, வாங்கியவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தவை அல்ல.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. கொண்டு விற்கப் போன முன்னோர் கிட்டங்கியில் (சரக்கறையில்) இறங்கிய சரக்கையும், விற்றுப் பணமாகிப் பேரேட்டில் வரவு ஏறியதையும் ஒரே பத்தியில் எழுதியிருப்பார்களா? எழுதினால் ஐந்தொகை எப்படி நேராகும்? உங்கள் அட்டவணையில் நேர்ந்திருப்பது அதுதான்.

இந்த வேறுபாடு சிறியது, விட்டுவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். டிஎஸ்-இன் வாரிசான நிண்டெண்டோ 3டிஎஸ் கதையைப் பாருங்கள். அது ஜப்பானில் 2011 பிப்ரவரி 26 அன்றும், ஐரோப்பாவில் மார்ச் 25 அன்றும், அமெரிக்காவில் மார்ச் 27 அன்றும் கடைக்கு வந்தது. நிண்டெண்டோவின் நிதியாண்டு நம்முடையதைப் போலவே மார்ச் 31-இல் முடிகிறது. அன்றைய கணக்கில் உலகெங்கும் 36.1 லட்சம் கருவிகள் விற்றதாக அறிக்கை சொல்கிறது. அமெரிக்கக் கடைகளில் அது அடுக்கப்பட்டு ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அதற்கடுத்த ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதங்களுக்கும் சேர்த்து உலகம் முழுவதும் வெறும் 7.1 லட்சம். கடைகளில் சரக்கு தேங்கிக் கிடந்தது, கடைக்காரர்கள் புதிதாகக் கேட்கவில்லை. ஆகஸ்டில் நிண்டெண்டோ விலையைத் தடாலடியாகக் குறைத்தது: ஜப்பானில் 25,000 யென்னிலிருந்து 15,000-க்கு, அமெரிக்காவில் 249.99 டாலரிலிருந்து 169.99-க்கு. மார்ச் எண்ணை மட்டும் பார்த்து ஆய்வேடு எழுதியவர் ‘அமோக வரவேற்பு’ என்று எழுதியிருப்பார். ஜூன் எண்ணை மட்டும் பார்த்தவர் கருவியே செத்துவிட்டது என்று எழுதியிருப்பார். அந்த மூன்று மாதங்களில் மக்கள் எவ்வளவு வாங்கினார்கள் என்பதை இந்த இரண்டு எண்களில் எதுவும் சொல்லவில்லை.

சோனி பக்கம் இன்னொரு சிக்கல் உண்டு. பெரும்பாலான மாணவர்கள் இடறுவது இங்கேதான். 2007 மார்ச் வரை சோனி உற்பத்தி செய்து அனுப்பியவற்றைக் கணக்குக் காட்டியது. அந்த ஏப்ரல் முதல் முறையை மாற்றி, கடைகளுக்கு விற்றுக் கணக்கில் ஏற்றியவற்றைக் காட்டத் தொடங்கியது. ஆகவே ஒரே நிறுவனத்தின், ஒரே கருவியின் இரண்டு அறிக்கைகளைக்கூட யோசிக்காமல் அடுத்தடுத்து ஒட்டக் கூடாது. 2012 முதல் பிஎஸ்பியையும் அதன் வாரிசாகப் புதிதாக வந்த வீட்டாவையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொன்னது. வீட்டா எவ்வளவு விற்றது என்பதற்கு அதன் பிறகு சோனியின் அறிக்கைகளில் தனி எண்ணே இல்லை. நிண்டெண்டோவிலும் அதன் பழைய கையடக்கக் கருவியான கேம் பாய் என்ற பெயரில் நீங்கள் பார்க்கும் 11.869 கோடியில் கேம் பாய் கலரும் அடக்கம். டிஎஸ் என்றால் அசல் டிஎஸ், லைட், டிஎஸ்ஐ, டிஎஸ்ஐ எக்ஸ்எல் எல்லாம் சேர்ந்த குடும்பம். பழையதை ஒதுக்கிவிட்டு லைட் வாங்கியவர் அந்தக் கணக்கில் இரண்டு முறை வருகிறார்.

(மில்லியனை மாற்றும்போது கவனம். டிஎஸ் குடும்பத்தின் உலக மொத்தமான 154.02 மில்லியன் என்பது 15 கோடியே 40 லட்சத்து 20 ஆயிரம். வாய்மொழித் தேர்வில் கேட்டால் தடுமாறக் கூடாது.)

அடுத்தது காலம். டிஎஸ் அமெரிக்காவில் 2004 நவம்பர் 21 அன்றும், ஜப்பானில் டிசம்பர் 2 அன்றும், ஐரோப்பாவில் 2005 மார்ச் 11 அன்றும் வந்தது. பிஎஸ்பி ஜப்பானில் 2004 டிசம்பர் 12, அமெரிக்காவில் 2005 மார்ச் 24, ஐரோப்பாவில் 2005 செப்டம்பர் 1. ‘2005-ஆம் ஆண்டு விற்பனை’ என்று நீங்கள் ஒரு பத்தி போட்டால் பிஎஸ்பிக்கு ஜப்பானில் 12 மாதமும் ஐரோப்பாவில் நான்கு மாதமும் கிடைக்கும். இதை வைத்து ஐரோப்பியருக்கு பிஎஸ்பி பிடிக்கவில்லை என்று முடிவு கட்டுவது அநியாயம். நாட்காட்டி ஆண்டை விட்டுவிட்டு, ஒவ்வொரு நாட்டிலும் கருவி வெளியான நாளிலிருந்து முதல் 12 மாதம், அடுத்த 12 மாதம் என்று எண்ணுங்கள். அமெரிக்க மாத எண்களில் இன்னொரு நுணுக்கம்: என்பிடியின் ‘மாதம்’ நாட்காட்டி மாதமன்று. சில மாதங்களுக்கு நான்கு வாரம், சிலவற்றுக்கு ஐந்து வாரம். நவம்பரைவிட டிசம்பர் கூடுதலாகத் தெரிவதில் ஒரு பங்கு அந்த ஐந்தாவது வாரத்தினுடையது. மாத எண்ணை வாரங்களால் வகுத்து வாரச் சராசரியாக்கினால் ஜப்பான் எண்ணோடு ஓரளவுக்காவது பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இட எல்லையும் அப்படியே. நிண்டெண்டோ தன் மொத்தத்தை ஜப்பான், அமெரிக்கக் கண்டங்கள், பிற பகுதிகள் என்று பிரித்துத் தருகிறது. நடுவில் இருப்பதில் கனடாவும் லத்தீன் அமெரிக்காவும் சேர்ந்திருக்கின்றன. அதை எடுத்து அமெரிக்க ஐக்கிய நாட்டின் மக்கள்தொகையால் வகுத்துத் ‘தலைக்கு இவ்வளவு’ என்று எழுதினால் அது பிழை. ‘பிற பகுதிகள்’ என்பதை ஐரோப்பா என்று எழுதுவதும் பிழை. ஆஸ்திரேலியாவும் ஜப்பான் நீங்கலான ஆசியாவும் அதற்குள் இருக்கின்றன. ஜப்பானுக்கு மட்டும் இந்த வகுத்தல் சுத்தமாக வரும்: 3.299 கோடி டிஎஸ், சுமார் 12.8 கோடி மக்கள். நூறு பேருக்கு இருபத்தைந்துக்கும் மேல்.

சரி, யார் வென்றார்கள்?

உலக அளவில் சந்தேகமே இல்லை. டிஎஸ் 15.402 கோடி, பிஎஸ்பி சுமார் 8 கோடி. ஒரு கருவியின் ஆயுள் முழுவதையும் எடுத்துக்கொண்டால் கடைக்குப் போனதும் வீட்டுக்குப் போனதும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும், ஏனென்றால் தேங்கிய சரக்கும் கடைசியில் எப்படியாவது விற்றுவிடும். அதனால் வாரத்துக்கும் காலாண்டுக்கும் நான் போட்ட தடையை ஆயுள் மொத்தத்துக்குப் போட மாட்டேன். அந்த உரிமையோடு ஜப்பானைப் பாருங்கள். அங்கே பிஎஸ்பி ஏறக்குறைய 2 கோடி. நூறு டிஎஸ்-க்கு அறுபது பிஎஸ்பி. உலக அளவிலோ நூறுக்கு ஐம்பதைச் சற்றே தாண்டுகிறது. ஜப்பானிலும் டிஎஸ்தான் முன்னால் என்றாலும், பிஎஸ்பி அதன் மற்றச் சந்தைகளைவிட அங்கே நெருங்கி நின்றது. 2010-இல் இரண்டும் ஏறக்குறைய தோளோடு தோள் நின்றன.

இதற்கான காரணங்களை உங்கள் ஆய்வேட்டில் விரிவாக எழுதுங்கள். எண்களைவிட எனக்கு இதில்தான் ஆர்வம் அதிகம்.

முதலாவது விளையாட்டு. காப்காம் நிறுவனத்தின் மான்ஸ்டர் ஹன்டர் வரிசை ஜப்பானில் பிஎஸ்பியைத் தூக்கி நிறுத்தியது. நான்கு பேர் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஆளுக்கொரு கருவியைக் கம்பியில்லாமல் இணைத்து, சேர்ந்து வேட்டையாடும் விளையாட்டு. ரயிலில் பள்ளிக்கும் வேலைக்கும் போகிற, நண்பர்கள் எப்போதும் எட்டும் தூரத்தில் இருக்கிற நகரங்களுக்கு அது அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. 2010 டிசம்பரில் வந்த அதன் மூன்றாவது கையடக்கப் பதிப்பு ஜப்பானில் மட்டும் 40 லட்சத்துக்கும் மேல் விற்றது. காரில் போய் வருகிற அமெரிக்கப் புறநகரில் நான்கு பேர் கருவியோடு சேர்வது அவ்வளவு எளிதன்று. அங்கே அந்த வரிசை அப்படிப் பற்றிக்கொள்ளவில்லை.

இரண்டாவது வாங்குகிற ஆள். 2005-இல் டிஎஸ்-க்கு வந்த மூளைப் பயிற்சி விளையாட்டு, தொஹோகு பல்கலைக்கழகப் பேராசிரியர் கவாஷிமா ரியூதாவின் பெயரோடு வந்தது. அதுவரை கேம் கருவியைத் தொட்டே பார்க்காத நடுவயதினரும் முதியவர்களும் கடைக்கு வந்தார்கள். 2006 மார்ச்சில் டிஎஸ் லைட் வந்தபோது ஜப்பானியக் கடைகளில் சரக்குக் கிடைக்காமல் மக்கள் அலைந்தார்கள். இந்த இடத்தில் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: சரக்குத் தட்டுப்பாடு உள்ள வாரங்களில் விற்பனை எண் தேவையைக் காட்டாது, லாரியில் வந்து இறங்கியதைத்தான் காட்டும். அந்த வாரங்களில் பிஎஸ்பியோடு வித்தியாசம் குறைந்து தெரிந்தால் அதற்கு டிஎஸ் மவுசு குறைந்தது காரணமாக இருக்காது.

மூன்றாவது விலை. பலர் இப்படி எழுதுகிறார்கள்: அமெரிக்காவில் டிஎஸ் 149.99 டாலர், பிஎஸ்பி 249.99, ஆகவே மூன்றில் இரண்டு பங்கு கூடுதல். ஜப்பானில் 15,000 யென்னும் 19,800 யென்னும், ஆகவே மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல். கணக்கு சரி, ஒப்பீடு சரியில்லை. அமெரிக்காவில் 249.99-க்குக் கிடைத்தது நினைவக அட்டை முதலிய துணைப் பொருட்கள் அடங்கிய பொதி. அதற்கு இணையான பொதி ஜப்பானில் 24,800 யென். பொதியோடு பொதியை வைத்தால் இரண்டு நாட்டிலும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றே. உண்மையான வேறுபாடு என்னவென்றால், ஜப்பானியருக்கு முதல் நாளிலிருந்தே கருவியை மட்டும் மலிவாக வாங்கும் வழி இருந்தது, அமெரிக்கருக்கு 199.99 டாலரில் அந்த வழி 2006 மார்ச்சில்தான் திறந்தது. நாடுவாரி ஒப்பீட்டில் விலையைக் கொண்டுவரும்போது பெட்டிக்குள் என்ன இருந்தது என்று பார்க்காமல் எழுதாதீர்கள்.

உங்கள் தலைப்பை மாற்றச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் டிஎஸ்-க்கும் பிஎஸ்பிக்கும் நடந்த போட்டியோடு, டிஎஸ்-க்கும் அதன் வாரிசான 3டிஎஸ்-க்கும் இடையே நாடுகள் எப்படிப் பிரிந்தன என்பதையும் ஒரு அத்தியாயமாக்குவேன். அதற்கான எண்கள் ஒரே நிறுவனம், ஒரே முறையில், ஒரே இடத்தில் நின்று எண்ணியவை. உங்கள் பேராசிரியரால் குறை சொல்ல முடியாது. ஜப்பானில் 3.299 கோடியிலிருந்து 2.526 கோடி: 23 சதவீதம் சரிவு. அமெரிக்கக் கண்டங்களில் 5.993 கோடியிலிருந்து 2.697 கோடி: 55 சதவீதம். பிற பகுதிகளில் 6.11 கோடியிலிருந்து 2.371 கோடி: 61 சதவீதம். உலக மொத்தம் பாதிக்கும் கீழே, 7.594 கோடிக்கு இறங்கியபோதும் ஜப்பான் கால் பங்குக்கும் குறைவாகத்தான் இழந்தது. டிஎஸ் விற்பனையில் ஐந்தில் ஒரு பங்காக இருந்த ஜப்பான், 3டிஎஸ் விற்பனையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 2008-இல் ஆப்பிளின் ஆப் ஸ்டோர் திறந்த பிறகு கைப்பேசியே கேம் கருவியாகிவிட்டது. அந்த அடி எல்லா நாட்டிலும் விழுந்தது. ஜப்பானில் மட்டும் ஏன் பாதியாகவில்லை என்பதற்கு ஒரு பதில், மான்ஸ்டர் ஹன்டர் பிஎஸ்பியை விட்டு 3டிஎஸ்-க்கு மாறியது. 2013-இல் 3டிஎஸ்-க்கு வந்து ஜப்பானியச் சிறுவர்களைப் பிடித்துக்கொண்ட யோகாய் வாட்ச் என்ற விளையாட்டு இன்னொன்று. பிஎஸ்பியை வாழவைத்த அதே விளையாட்டு அடுத்த தலைமுறையில் எதிராளியின் கூடாரத்தில் இருந்தது வீட்டாவை எவ்வளவு பாதித்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

நிண்டெண்டோவின் பிந்தைய கருவியான ஸ்விட்சைத் தொடாதீர்கள். அதைத் தொலைக்காட்சியில் இணைத்தும் விளையாடுகிறார்கள், கையில் வைத்தும் விளையாடுகிறார்கள். அதை எந்த வகையில் சேர்ப்பது என்ற வாதத்திலேயே உங்களுக்கு இரண்டு மாதம் போய்விடும்.

இப்போது இந்தியா. ஆசை புரிகிறது, ஆனால் அட்டவணையில் சேர்க்காதீர்கள். நிண்டெண்டோ இந்தியாவைத் தனியே பிரித்துச் சொல்வதில்லை, ‘பிற பகுதிகள்’ என்பதற்குள் கரைத்துவிடுகிறது. பிஎஸ்பியைச் சோனி இந்தியக் கடைகளில் முறையாக விற்றது, ஆனால் நாடுவாரி எண் வெளியே வரவில்லை. ஜப்பானுக்கு ஃபமிட்சு இருப்பதுபோல் வாரந்தோறும் பில்களை எண்ணி வெளியிடும் அமைப்பும் இங்கே இல்லை. எண் இல்லாத இடத்தில் இணையத்தில் கிடைக்கும் மதிப்பீட்டை நிரப்பினால் மற்ற மூன்று பத்திகளின் நம்பகத்தன்மையும் அதோடு போய்விடும்.

இந்தியாவை ஆய்வேட்டிலிருந்து வெளியேற்றவும் வேண்டாம். உங்கள் மாமா கொண்டுவந்த பிஎஸ்பி சிங்கப்பூர் விற்பனையில் எண்ணப்பட்டு கோட்டையூரில் விளையாடப்பட்டது. சிங்கப்பூர், மலேசியாவோடு தலைமுறை தலைமுறையாகப் போக்குவரத்து உள்ள நம் பகுதியில் அப்படி எத்தனை கருவிகள் வந்திருக்கும்! இது இங்கு மட்டும் நடந்ததுமில்லை. பிஎஸ்பி ஐரோப்பாவுக்குத் தாமதமாக வந்ததால், ஹாங்காங்கிலிருந்து இயங்கிய லிக்-சாங் என்ற இணையக் கடை அதை முன்கூட்டியே ஐரோப்பாவுக்கு அனுப்பியது. சோனி லண்டன் உயர் நீதிமன்றம் வரை வழக்குக்குப் போனது. 2006 அக்டோபரில் அந்தக் கடை மூடப்பட்டது. ஒரு நிறுவனம் நீதிமன்றம் ஏறும் அளவுக்கு எல்லை தாண்டிய சரக்கு இருந்தது என்பதே நாடுவாரி எண்களைப் பற்றி உங்கள் ஆய்வேடு சொல்ல வேண்டிய முக்கியமான செய்தி. பிஎஸ்பி விளையாட்டு வட்டுகளுக்கும் டிஎஸ் விளையாட்டு அட்டைகளுக்கும் பெரும்பாலும் நாட்டுப் பூட்டு இல்லை என்பதால் எங்கே வாங்கிய கருவியும் எங்கேயும் ஓடியது. 3டிஎஸ்-இல் நிண்டெண்டோ பூட்டுப் போட்டுவிட்டது. ஆகவே அந்தத் தலைமுறையில் நாட்டு எண் முன்பைவிடக் கொஞ்சம் உண்மைக்கு நெருக்கமானது.

எனவே ஒரு சிறிய கள ஆய்வைத் தனி அத்தியாயமாகச் செய்யுங்கள். காரைக்குடியில் கல்லுக்கட்டி, செக்காலைப் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கடைகள், பழுது பார்க்கும் கடைகள், தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் வீடுகள். மூன்று கேள்விகள் போதும்: எந்தக் கருவி, எந்த ஊரில் எந்த ஆண்டு வாங்கியது, யார் கொண்டுவந்தது. நூறு கருவி கிடைத்தாலே போதுமானது. அதிலிருந்து இந்தியா முழுமைக்கும் எதையும் கணிக்காதீர்கள். நீங்கள் பார்த்த நூறில் எத்தனை வேறு நாட்டுக் கணக்கில் ஏறியவை என்பதை மட்டும் சொல்லுங்கள். இதை வெளியூரிலிருந்து ஒருவர் வந்து செய்ய முடியாது. பழுது பார்க்கும் கடைக்காரர்களிடம் முதலில் போங்கள். எந்த வீட்டில் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

பிரதான அட்டவணையை 2007 ஏப்ரலிலிருந்து தொடங்குங்கள், அப்போதுதான் சோனி, நிண்டெண்டோ இரண்டும் ஒரே இடத்தில் நின்று எண்ணத் தொடங்கின. 2012 மார்ச்சில் நிறுத்துங்கள், அதன் பிறகு பிஎஸ்பி தனியாகக் கிடைக்காது. ஜப்பான் வார எண்களுக்கும் அமெரிக்க மாத எண்களுக்கும் தனித்தனி அட்டவணை. அவற்றை நிறுவன அறிக்கையோடு கூட்டாதீர்கள், விளக்கத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு அட்டவணைக்குக் கீழும் எந்த இடத்தில் எண்ணியது, எந்தத் தேதி வரை, எந்த மாதிரிகள் அடக்கம் என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்த முறை பேராசிரியரிடம் போகும்போது முதலில் அந்த வரிகளைக் காட்டிவிட்டு, பிறகு எண்களைக் காட்டுங்கள்.